பாசிமணி: சிவப்பாக இருந்தாலும் ஏன் 'பாசி'?

அப்பத்தா இறந்து ஒரு வருஷம் கழித்து, சித்திரை மாசத்தில், அவர் வைத்திருந்த நகைகளைப் பிரித்துக்கொள்ள எல்லோரும் ஊரில் கூடினோம். பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு ஜோடி கம்மல், தாலிக் குண்டுகள், மெலிந்த ஒரு சங்கிலி. ஒவ்வொன்றையும் தராசில் வைத்து, எடையை ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, அத்தைகளுக்கும் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பிரித்தார்கள். டப்பாவின் அடியில் ஒரு மணிச்சரம் கிடந்தது. செங்கல் நிறத்தில் சின்னச் சின்ன மணிகள், நடுநடுவே மஞ்சளும் பச்சையும். நூல் இற்றுப்போய் இருந்தது. பெரியத்தை அதைத் தராசில் வைக்கவே இல்லை. "அது வெறும் பாசி. பாப்பா வெச்சு வெளையாடட்டும்" என்று என் மகளிடம் நீட்டிவிட்டார்.

காரில் திரும்பி வரும்போது மகள் கேட்டாள்: "அப்பா, பாசின்னா குளத்துல இருக்குமே பச்சையா, அதுதானே? இது செவப்பா இருக்கே, இதை ஏன் பாசிங்கறாங்க?"

எனக்குப் பதில் தெரியும் என்று நினைத்தேன். சொல்லவும் செய்தேன். ஆனால் அது தப்பான பதில். அது ஏன் தப்பு, சரியான பதில் எதுவாக இருக்கும் என்று தேடியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது கொஞ்சம் அந்நியமாக இருக்கலாம், அவர்கள் 'மணி' என்றே சொல்லிவிடுவார்கள். மதுரை, சிவகங்கை, நெல்லைப் பக்கமெல்லாம் துளையிட்ட சின்ன மணி எதுவானாலும் பாசிதான். "பாசி கோக்குறது", "கழுத்துல ஒரு பாசிகூட இல்ல", "ஊசி பாசி விக்கிறவங்க" என்பதெல்லாம் அன்றாடப் பேச்சு. கண்ணாடி மணிக்கு வைத்த பெயர் இப்போது பிளாஸ்டிக் மணிக்கும் போய்விட்டது. ஆனால் தங்க மணியை யாரும் பாசி என்று சொல்லிக் கேட்டதில்லை. முத்தையும் அப்படிச் சொல்வதில்லை. ஆக, இந்தச் சொல்லுக்குள் 'மலிவு' என்ற பொருளும் சேர்ந்தே இருக்கிறது. பெரியத்தை சொன்ன அந்த 'வெறும்' தனியாக வேண்டியதே இல்லை, பாசி என்றாலே அது அடங்கிவிட்டது.

காரில் நான் மகளுக்குச் சொன்ன பதில் இதுதான்: "பாசம்னா கயிறு. எமன் கையில பாசக்கயிறு இருக்குல்ல? கயித்துல கோக்குறதால பாசின்னு பேரு." இதைப் பல வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்ப் பொங்கல் விழாவில் மைக்கைப் பிடித்து ஒருமுறை சொல்லியும் இருக்கிறேன், கைத்தட்டல்கூடக் கிடைத்தது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நிற்காது. காரணம் சொல்கிறேன்.

வடமொழியில் 'பாச' என்றால் கயிறு, சுருக்கு. அது தமிழுக்கு வரும்போது 'பாசம்' என்றுதான் வரும், வந்தும் இருக்கிறது. பாசக்கயிறு, பந்தபாசம் எல்லாம் அந்த வழியில் வந்தவை. அதே சொல் இகரத்தில் முடிந்து 'பாசி' என்று வந்தால் 'பாசத்தை உடையவன்' என்று பொருளாகும். எமனுக்கும் வருணனுக்கும் அப்படி ஒரு பெயர் உண்டு. கையில் கயிறு வைத்திருப்பவர்கள் அவர்கள். கழுத்து மணிக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. இரண்டாவது காரணம் இன்னும் எளிமையானது. பாசி என்பது கயிற்றின் பெயரே இல்லை. நூல் அறுந்து தரையில் சிதறிக் கிடக்கும்போதும் அவை பாசிகள்தான். "ஒரு பாசி கட்டிலுக்கு அடியில ஓடிருச்சு" என்கிறோம். கோத்தால் 'பாசிமாலை' என்று இன்னொரு சொல்லைச் சேர்க்கிறோம். கயிறுதான் பெயருக்குக் காரணம் என்றால் கயிறு போனதும் பெயரும் போயிருக்க வேண்டும்.

ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்துச் சொல்லுக்குப் பிறப்புச் சொல்வது எங்கள் தொழிலில் பிழைச்செய்தியின் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு நிரலைத் திருத்துவது மாதிரி. சில நேரம் வேலை செய்யும், பல நேரம் வேறு இடத்தில் உடையும். தெலுங்கில் மணிக்குப் 'பூஸ' என்ற சொல் இருப்பதைப் பார்த்ததும் எனக்கு ஒரு சபலம் வந்தது உண்மை. ஆனால் ஆகாரமும் ஊகாரமும் இப்படி மாறி நிற்பதற்கு இணையாக இன்னும் நாலு ஜோடியாவது காட்டாமல் உறவு கொண்டாட முடியாது. அதை அப்படியே விட்டுட்டேன்.

சரி, மகள் சொன்ன குளத்துப் பாசிக்கே திரும்புவோம்.

பசுமை என்ற சொல்லில் ஒரு வேடிக்கை உண்டு. பள்ளியில் பண்புப்பெயர்ப் புணர்ச்சி படித்திருப்பீர்கள். பெருமை + ஊர் = பேரூர். பசுமை + இலை = பாசிலை. 'மை' போய்விடும், முதல் எழுத்து நீளும். ஆதிநீடல் என்று பெயர். மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்கியதோடு நான் மறந்துபோன விதி அது. பச, பச்சை, பசுமை, பாசி, பை என்பதெல்லாம் ஒரே வேரின் கிளைகள். பைங்கிளி, பைந்தமிழ் என்பவற்றில் வரும் 'பை'யும் அதே ஆள்தான். பாசிப்பயறு என்றால் பச்சைப்பயறு. குளத்துப் பாசி என்றால் நீரில் படரும் பச்சை. (எங்கள் ஊர்க் கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விடுவதற்கு 'மீன்பாசி ஏலம்' என்று பெயர். கண்மாய்க்குள் இருப்பதையெல்லாம் இரண்டே சொல்லில் அடக்கிவிட்டார்கள்.)

ஆக, மணிக்குக் குளத்துப் பாசி தாய் இல்லை. இரண்டும் பசுமை என்ற ஒரே தாய்க்குப் பிறந்த அக்கா தங்கை. பாசிமணி என்றால் நேர்ப்பொருள் பச்சை மணி. மகள் கேட்டது சரியான கேள்வி. பச்சை மணி என்று பெயர் வைத்துக்கொண்டு ஏன் சிவப்பாக இருக்கிறது?

இதற்கு இரண்டு பதில் இருக்கிறது. ஒன்று சொல்லுக்குள் இருக்கிறது, இன்னொன்று உலைக்குள் இருக்கிறது.

சொல்லுக்குள் இருப்பது சுலபம். பாசிப்பருப்பை எடுத்துப் பாருங்கள். பொங்கலுக்குப் போடுகிறோமே, அது என்ன நிறம்? மஞ்சள். தோல் பச்சையாக இருந்தபோது வைத்த பெயர், தோலை உரித்துப் பருப்பான பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பச்சைப் பலகை வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இன்னும் கரும்பலகை என்கிறோம். எல்லாவற்றையும்விடப் பெரிய உதாரணம் எண்ணெய். எள் + நெய் = எண்ணெய். எள்ளிலிருந்து எடுத்தது மட்டும்தான் எண்ணெய். பிறகு தேங்காய், கடலை, வேம்பு எல்லாம் அந்தப் பெயருக்குள் நுழைந்தன. பூமியிலிருந்து எடுத்ததும் மண்ணெண்ணெய் ஆனது. கடைசியில் சொந்த வீட்டுக்காரனான எள் நெய்க்கே இடம் இல்லாமல் 'நல்லெண்ணெய்' என்று அடைமொழி போட்டுத் தனியாக அடையாளம் காட்ட வேண்டியதாகிவிட்டது. பாசியிலும் இதுவே நடந்திருக்கிறது. இன்றைக்குக் கடையில் போய் "பச்சைப் பாசி குடுங்க" என்றுதான் கேட்கிறோம். சொல்லின்படி பார்த்தால் 'பச்சைப் பச்சை' என்று கேட்கிறோம். கடைக்காரர் சிரிக்காமல் எடுத்துத் தருகிறார்.

இதில் இன்னொன்றும் உண்டு. பசுமை என்ற வேர் பச்சையோடு மட்டும் நின்றதில்லை. தங்கத்தைப் பசும்பொன் என்கிறோம். பழைய இலக்கியத்தில் பைம்பூண், பைந்தொடி என்று வருவதை உரைகாரர்கள் பசும்பொன் நகை என்றுதான் சொல்கிறார்கள். தலைவியின் மேனியில் படரும் பசலையைப் புலவர்கள் பீர்க்கம்பூவோடு ஒப்பிடுகிறார்கள், பீர்க்கம்பூ மஞ்சள். தெலுங்குக்குப் போனால் இன்னும் தெளிவு. அங்கே 'பசுபு' என்றால் மஞ்சள், 'பசிடி' என்றால் தங்கம். இலைப்பச்சையில் தொடங்கித் தங்க மஞ்சள் வரைக்கும் இந்த வேர் பரவிக் கிடக்கிறது. பைம்பூண் என்று அரசியின் கழுத்தில் கிடந்ததும், பாசி என்று பெரியத்தை தராசில் வைக்க மறுத்ததும் ஒரே வேர்ச்சொல் என்பது எனக்கு இந்தத் தேடலில் கிடைத்த பெரிய ஆச்சரியம். வேர் ஒன்றாக இருந்தும் ஒன்று பொன் பக்கம் போனது, ஒன்று கண்ணாடி பக்கம் போனது.

ஆனால் ஆரம்பத்தில் ஏன் பச்சை? சிவப்பு மணி, நீல மணி எல்லாம் இருந்திருக்குமே, பெயர் ஏன் பச்சையிலிருந்து தொடங்கியது? இதற்குத்தான் உலைக்குப் போக வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடியையோ கண்ணாடி மேஜையையோ நேராகப் பார்த்தால் நிறம் தெரியாது. விளிம்பைப் பக்கவாட்டில் பாருங்கள், பச்சை தெரியும். மணலில் இருக்கும் இரும்புதான் காரணம். கண்ணாடி என்பது மணலும் சோடாவும் சேர்ந்து உருகியது. மணலைச் சுத்தம் செய்யாமல் உருக்கினால் இரும்பு உள்ளேயே இருந்து பச்சைச் சாயலைத் தரும். நிறமே இல்லாத கண்ணாடி வேண்டும் என்றால்தான் செலவு. பச்சை சும்மா வரும்.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கிடைக்கும் பழைய மணிகளின் கண்ணாடியைச் சோதித்தவர்கள் அதில் அலுமினா அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். சுத்தமான வெள்ளை மணலில் அவ்வளவு அலுமினா இருக்காது. களிமண் கனிமங்கள் கலந்த மண்ணிலும் மணலிலும்தான் இருக்கும். சோடாவுக்கு உவர்மண். நம் ஊரில் துணி வெளுக்கப் பயன்படுத்தினார்களே, அந்த மாதிரி உப்புப் பூத்த மண். அதாவது காலுக்குக் கீழே கிடப்பதை அள்ளி உருக்கினார்கள். இப்படிக் கிடைப்பதற்கு இயல்பாகவே பச்சைச் சாயல் இருக்கும். மிக மலிவான கண்ணாடி, நிறம் சேர்க்காமலே பச்சை. அந்த மணிக்குப் பச்சை மணி என்று பெயர் வருவதில் அதிசயம் இல்லை என்பது என் வாதம்.

இன்னொரு காரணமும் இதோடு சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். காங்கேயம் பக்கத்தில் படியூர் இருக்கிறது. அங்கே கிடைத்த பெரில் கல் கடல் நீர் நிறத்தில், நீலமும் பச்சையும் கலந்தது. நொய்யல் கரையில் கொடுமணலில் அதைப் பட்டை தீட்டி மணியாக்கியிருக்கிறார்கள், அகழாய்வில் வெட்டிய துண்டுகளோடு கிடைத்தது. ரோமாபுரி வரைக்கும் அதற்குக் கிராக்கி. கி.பி. 77 வாக்கில் முடித்த தன் இயற்கை வரலாற்றில் ரோமானியரான பிளினி, இந்தியர்கள் படிகத்துக்கு நிறமேற்றி ரத்தினக் கற்களைப் போலச் செய்கிறார்கள், அதிலும் முக்கியமாக பெரிலைப் போலச் செய்கிறார்கள் என்று புகார் மாதிரி எழுதி வைத்திருக்கிறார். ஏமாந்தவர் யாரோ அவரிடம் அழுதிருக்க வேண்டும்! பச்சைக் கல் வாங்க முடிந்தவர்கள் கல் போட்டார்கள், முடியாதவர்களுக்குப் பச்சைக் கண்ணாடி. கவரிங் நகை நம் காலத்துச் சரக்கு இல்லை என்பது இதில் தெரிகிறது.

இப்போது சிவப்புக்கு வருவோம். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இருக்கிறது.

கண்ணாடிக் குழம்பில் கொஞ்சம் தாமிரம் சேர்த்து, உலையில் காற்று தாராளமாகப் போகும்படி விட்டால் பச்சையோ பசும் நீலமோ வரும். அதே தாமிரத்தைச் சேர்த்து, காற்றைக் குறைத்து, கரிப்புகை சூழ உருக்கினால் செங்கல் சிவப்பு வரும். சேர்த்த பொருள் ஒன்றுதான், காற்று மட்டும்தான் வேறு. அப்பத்தாவின் சரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் பச்சைப் பாசியும் சிவப்புப் பாசியும் ஒரே உலோகத்தின் இரண்டு முகம். மகளிடம் இதைச் சொன்னபோது, "அப்போ செவப்புப் பாசியும் பச்சைதான், மூச்சுத் திணறின பச்சை" என்றாள். இதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

போன டிசம்பரில் புதுச்சேரிக்கு அலுவலக வேலையாகப் போனவன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி அரிக்கமேடு போனேன். அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் இருக்கிறது. பெரிதாக எதையாவது எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். மரங்கள், இடிந்து நிற்கும் செங்கல் சுவர்கள், அவ்வளவுதான். ஆனால் இந்த மண்ணில் மழை பெய்தால் மணிகள் மேலே வரும். 1930களில் ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்த மணிகளையும் கற்களையும் பார்த்துத்தான் பிரெஞ்சுப் பேராசிரியர் ழூவோ துப்ரேய் இங்கே ஏதோ இருக்கிறது என்று கண்டுகொண்டார். 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோமானிய மட்கலங்களைக் காட்டியதும் உலகம் முழுக்கப் பெயர் பரவியது. எல்லோரும் ரோமானியச் சாடிகளைத்தான் பேசினார்கள். பிள்ளைகள் பொறுக்கிய மணிகளைப் பேச ஆள் வர ரொம்ப நாள் ஆனது.

வந்தவர் பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்கர். வாழ்நாள் முழுக்க மணிகளையே ஆராய்ந்தவர், 2002-ல் காலமானார். இந்த வகை மணிகளுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயர் வைத்தவர் அவர்தான். ஒரே நிறம், பெரும்பாலும் 5 மில்லிமீட்டருக்கும் குறைவான அளவு, இழுத்துச் செய்தது. இவை கிடைக்கும் இடங்களைப் பார்த்தால் தலை சுற்றும். இலங்கையில் மாந்தை, தாய்லாந்தில் கிளோங் தோம், வியட்நாமில் ஓக் இயோ, கொரியாவில் 1971-ல் திறக்கப்பட்ட முர்யோங் மன்னரின் கல்லறை, ஜப்பானியக் கல்லறை மேடுகள், தென்னாப்பிரிக்காவில் மபுங்குப்வே. எல்லாம் அரிக்கமேட்டிலிருந்து போனவை இல்லை. போன இடங்களில் உலை போட்டும் செய்தார்கள், தொழில்நுட்பமும் சேர்ந்தே பயணப்பட்டது. ஆனால் இந்தச் செய்முறைக்கு நமக்குத் தெரிந்த மிகப் பழைய பட்டறைகளில் அரிக்கமேடும் ஒன்று.

அந்தச் செய்முறை இன்னும் சாகவில்லை. திருப்பதிக்குப் பக்கத்தில் பாப்பாநாயுடுபேட்டை என்ற ஊரில் அதைச் செய்பவர்களைப் பார்த்துத்தான் பிரான்சிஸ் பழைய மணிகள் எப்படிச் செய்யப்பட்டன என்று விளங்கிக்கொண்டார். உருகிய கண்ணாடியை ஒரு நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் கூம்பு மாதிரி திரட்டுவார்கள். குழாய்க்குள் இன்னொரு கம்பியைச் செருகிக் கூம்பைத் துளைத்து, நடுவில் ஓட்டை உண்டாக்குவார்கள். கூம்பு மறுபடி உலைக்குள் போகும். உலையின் எதிர்ப்பக்கத்துத் துவாரம் வழியாக ஒருவர் கொக்கியை விட்டு நுனியைப் பிடித்து இழுப்பார். இழுக்க இழுக்கக் கண்ணாடி நூல் மாதிரி வரும், நடுவில் அந்த ஓட்டையும் கூடவே நீளும். மணிக்கணக்காக இழுத்துக்கொண்டே இருப்பார்கள். ஊசியளவு கண்ணாடிக் குழாய்கள் குவியும். அவற்றைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, சாம்பலோடு கலந்து திரும்பவும் சூடு காட்டிக் கிளறுவார்கள். கூரான விளிம்பு உருகி உருண்டையாகிவிடும். சாம்பல் ஓட்டைக்குள் நிறைந்திருப்பதால் துளை அடைபடாது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாது.

ஒவ்வொரு மணியாகச் செய்து துளை போட்டால் நாளைக்குச் சில நூறுதான் தேறும். இந்த முறையில் துளை முதலிலேயே வந்துவிடுகிறது, பிறகு வெட்டுவது மட்டும்தான் வேலை. ஒரு திரளில் ஆயிரக்கணக்கில் மணி. பாசி மலிவானதற்கு இந்த ஒரு யோசனைதான் காரணம். அதை 'வெறும்' என்று சொல்ல எனக்கு இப்போது நாக்கு வரமாட்டேன் என்கிறது. 2000 வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருத்தர் உட்கார்ந்து, ஓட்டையைக் கடைசியில் போடாமல் முதலில் போட்டால் என்ன என்று யோசித்திருக்கிறார். எங்கள் துறையில் இப்படி ஒரு யோசனைக்குக் காப்புரிமை எழுதி மாநாட்டில் பேசி ஓய்ந்திருப்போம்.

மலிவு என்பதுகூட இடத்தைப் பொறுத்ததுதான். இதே செங்கல் நிறப் பாசிக்கு இந்தோனேசியாவில் 'முத்திசலா' என்று பெயர். 'பொய் முத்து' என்று பொருள் சொல்வார்கள். பெயரில்தான் பொய். திமோர் போன்ற கிழக்குத் தீவுகளில் அது தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் குடும்பச் சொத்து, கல்யாணத்தில் பெண் வீட்டுக்குக் கொடுக்கும் சீர். நம்மூரில் தராசில் ஏறாத சாமான் அங்கே சீர்வரிசைத் தட்டில் முதலில் இருக்கும்.

அரிக்கமேட்டில் காலடியில் ஏதாவது தெரிகிறதா என்று நானும் குனிந்து குனிந்துதான் நடந்தேன். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம், எடுக்கக் கூடாது. எடுக்கவும் இல்லை. ஒன்றே ஒன்று தெரிந்த மாதிரி இருந்தது, கிட்டப் போய்ப் பார்த்தால் பீர் பாட்டில் சில்லு. அதுவும் பச்சைதான்.

திரும்பும்போது பேருந்து நிலையத்தில் நரிக்குறவர் சமூகத்துப் பெண் ஒருவர் பாசி விரித்து உட்கார்ந்திருந்தார். காட்டு விலங்கு வேட்டையை 1972 சட்டம் தடுத்த பிறகு இவர்களில் நிறையப் பேருக்கு ஊசியும் பாசியும்தான் பிழைப்பு. வீட்டுக்குள் அவர்கள் பேசுவது குஜராத்தியோடு உறவுள்ள வேறு மொழி. பாசி என்பது வாங்குகிற நம் சொல், அதை நம்மிடம் விற்பதற்காகக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அப்பத்தாவின் சரத்தைப் படம் எடுத்து வைத்திருந்தேன். செல்போனைக் காட்டி "இந்த மாதிரி சிவப்பு இருக்குமா?" என்றேன். வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது பழசுண்ணே. இப்ப வர்றது எல்லாம் ஒரே அளவா இருக்கும். இதுல ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை பாருங்க" என்றார். நான் இரண்டு மாசம் படித்ததை அவர் பத்து விநாடியில் சொல்லிவிட்டார். கையால் வெட்டியதில்தான் நெட்டையும் குட்டையும் வரும். இருபது ரூபாய்க்கு ஒரு பச்சைச் சரம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மகளோடு சேர்ந்து சரத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இழுத்துச் செய்த மணியில் நுண்ணிய கோடுகளும் குமிழிகளும் துளை போகும் திசையிலேயே நீண்டிருக்கும். கம்பியில் சுற்றிச் செய்ததில் துளையைச் சுற்றி வளையமாக ஓடும். எங்களுடைய சிவப்பு மணிகளில் துளையோடு ஓடுகிறது. உடனே இது 2000 வருஷப் பழசு என்று யாரும் கிளம்ப வேண்டாம். அப்பத்தா கல்யாணம் ஆகி வந்த காலத்தில் ஏதோ ஒரு திருவிழாக் கடையில் வாங்கியதாகத்தான் இருக்கும். செய்முறை மட்டும்தான் பழசு.

இதையெல்லாம் போன மாசம் பெரியத்தையிடம் போனில் சொன்னேன். உலை, தாமிரம், கொரியா ராஜா என்று நான் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போக, அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "மழை தப்பின வருஷம் ஒண்ணு. விதை நெல்லு வாங்கக் காசு இல்ல. ஆத்தா தாலிக் குண்டெல்லாம் கழட்டி அடகு வெச்சிருச்சு. வெறும் மஞ்சக் கயித்தோட வெளிய போக வெக்கப்பட்டுக்கிட்டு, குண்டு இருந்த எடத்துல அந்தச் செவப்புப் பாசியக் கோத்துப் போட்டுக்கிச்சு. ரெண்டு வருஷம் அதான் அது கழுத்துல கெடந்துச்சு. குண்டு திரும்பி வந்த பெறகும் பாசியத் தூக்கிப் போடல."

"அப்போ ஏன் அத்தை பாப்பாகிட்ட குடுத்தீங்க?"

"எனக்கே மறந்துபோச்சுடா. நீ சொல்லவும்தான் ஞாபகம் வருது. தூக்கிப் போட்றாத. எனக்கு ஒருதடவ கொண்டாந்து காட்டு."

இற்றுப்போன நூலை எடுத்துவிட்டு, மகள் இப்போது தூண்டில் நரம்பில் அதைத் திரும்பக் கோத்திருக்கிறாள். சிவப்பு 41, மஞ்சள் 9, பச்சை 11. மொத்தம் 61. பச்சைக்கும் மஞ்சளுக்கும் அத்தையிடம் கணக்கு இல்லை. சிவப்பு 43 இருந்தது என்று மட்டும் உறுதியாகச் சொல்கிறார், சின்ன வயசில் எண்ணி எண்ணி விளையாடியதாம். சோபாவை நகர்த்திப் பார்க்க வேண்டும்.